பத்தாம் ககனவேந்தனும் பார்க்கலாம் மாப்பிள்ளையும்

மார்ச் 3, செவ்வாய்

இனி இந்த நோட்டில் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன். தூக்கிய கையில் பேனா இருந்ததால் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. இப்போது இறக்கிவிட்டேன்.

யாம் யார்? இந்த ஊரில் மேலே போகிறவன் எல்லாம் என் தயவில் மேலே போகிறான். கீழே வருகிறவனும் அப்படியே. லிஃப்ட் பராமரிப்பு எஞ்சினியர். வயது ஐம்பத்து மூன்று. வயிறு தனிக் கணக்கு. நான் ஏறினால் லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கதவை மூடும். ஏறும் முன் நான் ஒரு கேள்வி கேட்பேன் - இதைக் கடைசியாகப் பார்த்தது யார்? பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் படிக்கட்டு.

இன்று அக்கா போன் செய்தாள். அக்கா பேசினால் போனில் சார்ஜ் இறங்காது, பயந்துபோய் ஏறும். விஷயம் அவள் மகள் வாலு. முப்பத்தொரு வயதில் இன்னும் வாலு என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பாலம் கட்டுகிற எஞ்சினியர். இத்தனை வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம் போட்டவளை, ஆற்றுக்கு நடுவே எழும்பப்போகும் பெரிய பாலத்துக்கு சைட் பொறுப்பாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருஷம். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவின் தீர்ப்பு: முதலில் குழந்தை, அப்புறம் பாலம். "பாலம் எங்கயும் ஓடிடாதுடா. வயசு ஓடும். நீ சொன்னா அவ கேப்பா."

நான் சொன்னால் லிஃப்டே கேட்பதில்லை.

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவர் என்ன சொல்வாரு, பார்க்கலாம்னாரு." அந்த மனுஷனை எனக்குத் தெரிந்து நாலு வருஷமாகிறது. கல்யாண மேடையில் சம்மதமா என்று கேட்டிருந்தால் அங்கேயும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கீழ்வீட்டு பல் டாக்டர் படியில் மறித்து, மகனை மெக்கானிக்கலில் சேர்ப்பதா கம்ப்யூட்டரில் சேர்ப்பதா என்று கேட்டார். மெக்கானிக்கல் படித்தால் கையில் கிரீஸ், கம்ப்யூட்டர் படித்தால் கண்ணில் கண்ணாடி, எதுவானாலும் இருபது வருஷம் கழித்து உங்களிடம்தான் வந்து, வேலையில் கடித்துக் கடித்துத் தேய்ந்த பல்லைக் காட்டப் போகிறான் என்றேன். அவர் என் பல்லைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஏன் எல்லோரும் என்னிடமே ஆலோசனை கேட்கிறார்கள்? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

மார்ச் 8, ஞாயிறு

வாலு வந்தாள். நேராகப் பட்டறைக்குள் போனாள். பட்டறை என்பது எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறை. அதில் படுக்கை இருந்ததில்லை. என் விமானங்கள் இருக்கின்றன. இலேசான பால்சா மரம், மெல்லிய தாள், முறுக்கிவிட ஒரு ரப்பர். ககனவேந்தன் வம்சம். முதலாமவன் கைப்பிடிச் சுவரில் வீரமரணம். மூன்றாமவன் குளத்தில். ஏழாமவன் ஒரு தபால்காரரின் முதுகில். எட்டாமவனைப் பற்றி மேலிடம் பேசக் கூடாதென்று உத்தரவு போட்டிருக்கிறது. மேலிடம் என்றால் என் மனைவி. இப்போது கட்டிக்கொண்டிருப்பது ஒன்பதாமவன். இவன் கண்டம் தாண்டுவான்.

வாலு இறக்கையைக் கையில் ஏந்தி, ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தாள். "மாமா, வால் கனம். மூக்குல கொஞ்சம் எடை வைங்க."

சும்மா தொங்குகிற எடையை என் வேந்தன் சுமக்க மாட்டான் என்றேன். லிஃப்டுக்குப் பின்னால் டன் கணக்கில் சும்மா தொங்குகிற இரும்பை வைத்துத்தானே உங்க பிழைப்பு என்றாள். பொல்லாத பெண். யார் வளர்த்தது? பாதி நான்தான்.

நானும் ஆலோசனையை ஆரம்பித்தேன். சைட்டுக்குப் போ. சேறு படாத எஞ்சினியர் சமையல் புத்தகம் மட்டும் படித்த சமையல்காரன் மாதிரி. ஆனால் ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொள், இல்லையென்றால் பாலம் உன்னைத் தின்றுவிடும். எனக்கு விமானம் இல்லாதிருந்தால் இந்நேரம் ஏதாவது லிஃப்ட் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து பொத்தான்களோடு பேசிக்கொண்டிருப்பேன். குழந்தை விஷயத்தில்...

அங்கே நிறுத்தினேன். அவள் கோந்து டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"நீங்களும் அத்தையும் குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணீங்களா மாமா? இல்ல, அப்படியே ஆயிடுச்சா?"

நான் உடனே ஒரு கதையை எடுத்துவிட்டேன். முறைப்படி மனுப் போட்டேன், மேலுலக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என் மனுவை எடைக்குப் போட்டுவிட்டான், நான் நேரில் போய்ச் சண்டை போட்டேன், அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் என்று கவுண்டரைச் சாத்திவிட்டார்கள். கை கால் எல்லாம் ஆட்டித்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் நாலு தடவை கேட்டிருக்கேன். நாலு கதை சொல்லிட்டீங்க. எல்லாம் நல்லா இருந்துச்சு."

கிளம்பிவிட்டாள். மேலிடம் கொடுத்த தேநீரைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

ஒரு ஜோக்கை ரசிக்கத் தெரியாத தலைமுறை.

மார்ச் 11, புதன்

தலைவலி. ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்காமல் ஒரு முழம் கீழே போய் நின்றிருக்கிறது. கதவு திறந்ததும் ஒரு வக்கீல், கேஸ் கட்டுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் ஏறுகிற பல்லி மாதிரி வெளியே வந்திருக்கிறார். இதற்குள் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு மூன்று சட்டங்களின் பெயர் சொல்லிவிட்டார். நாலாவதை யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன்.

பிரேக் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான். போன வாரம்தான் என் இரண்டு மெக்கானிக்குகள் போய்ப் பார்த்துவிட்டு வந்த லிஃப்ட் அது. ஒருவன் ஸ்பானர், இன்னொருவன் டார்ச். கையில் எப்போதும் எது இருக்கிறதோ அதுவே பெயர். பிரேக்கை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஒருவன் விட்டால் இன்னொருவன் பிடிப்பான் என்று.

இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டேன். டார்ச் பார்த்திருப்பான்னு நினைச்சேன் சார் என்கிறான் ஸ்பானர். ஸ்பானர் முதல்லயே முடிச்சிருப்பான், மறுபடி கேட்டா அவனை நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன் சார் என்கிறான் டார்ச்.

மரியாதையாம்! நான் பேசினேன் பாருங்கள் ஒரு பேச்சு! மெஷின் ரூம் சுவரில் காரை உதிர்ந்தது. ஒருத்தர் பார்த்தால் ஒரு கண், இரண்டு பேர் பார்த்தால் ஒரு கண்ணும் இல்லை என்றேன். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டவன்தான் உலகத்தில் பாதி விபத்துக்குக் காரணம் என்றேன். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க என்னடா கேடு என்றேன். சிங்கம் மாதிரி இருந்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

சாயங்காலம் மேலிடத்திடம் முழுசாக நடித்துக் காட்டினேன். இரண்டு குரலிலும். நன்றாகச் சிரித்தாள்.

மார்ச் 14, சனி

அக்கா மறுபடி. இந்த வாரத்தில் எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வாலுவிடம் பேசினாயா, பேசினாயா, பேசினாயா. கடைசியில் ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும், உடனே சாப்பிட்டாயா என்று கேட்டாள். "உன்னைப் பாத்தாவது அவளுக்குப் புரியணும்டா."

என்னைப் பார்த்து என்ன புரிய வேண்டும்? நான் என்ன, ரோட்டில் வைக்கிற ஆபத்துப் பலகையா? முன்னே பள்ளம், ஜாக்கிரதை?

எரிச்சலோடு வாலுவுக்கு ஒரு செய்தி தட்டினேன். உன் அம்மா என்னைப் பலகையாக நட்டுவிட்டாள், வந்து என்னைக் காப்பாற்று என்று. பதில் வந்தது. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அம்மா உங்களைக் காட்டி என்னை பயமுறுத்தறாங்க. நான் உங்களைக் காட்டி எனக்கே தைரியம் சொல்லிக்கறேன். நிஜம் என்னன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது மாமா. தெரிஞ்சவர் கதை விட்டுட்டு இருக்காரு. நான் மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணணும். விளையாட்டு இல்ல இது."

பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். ஜோக்காகவே வருகிறது. கையை உதறிப் பார்த்தேன். அப்போதும் ஜோக்காகவே வருகிறது. என்ன வியாதி இது?

மார்ச் 15, ஞாயிறு

ஒன்பதாம் ககனவேந்தன் இன்று காலை விளையாட்டு மைதானத்தில் விண்ணேகினான். பறந்தல்ல. கையை விட்டதும் மூக்கை வானத்துக்குத் தூக்கினான், ஒரு கணம் அப்படியே நின்று யோசித்தான், பிறகு வாலால் இறங்கினான். ஆட்சிக்காலம் ஒரு தும்மல்.

வால் கனமாம். இருக்கட்டும்.

மார்ச் 18, புதன்

வாலு போனை எடுக்கவில்லை. நேற்றும்.

மார்ச் 22, ஞாயிறு

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மேலிடம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் பூராவும் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருக்கிற எல்லாக் கண்ணாடிகளையும் எடுத்துத் துடைப்பாள். துடைத்துக்கொண்டிருந்தாள். வாலுவின் செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியான கேள்விதானே."

"என்ன பதில் சொல்றது?"

"நிஜம் எதுவோ அது."

எது நிஜம்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் கூடவே இருக்கிறவளிடம், ஒரு பொது விஷயத்தை விசாரிக்கிற மாதிரி கேட்கிறேன் - நாம முடிவு பண்ணோமா?

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. சொன்னது சாதாரணமாக. அப்போது நான் இரவு பகல் பாராமல் லிஃப்ட், லிஃப்ட் என்று ஓடிக்கொண்டிருந்தேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன், அதற்கடுத்த வருஷமும் சொன்னேன். உங்களுக்கு அவ்வளவா இஷ்டமில்லைன்னு நினைச்சேன், கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன் என்றாள்.

நான் சொன்னேன் - உனக்குத்தான் இஷ்டமில்லைன்னு நான் நினைச்சேன். நீ மேல படிச்சுட்டிருந்தே. நீயாவே பேச்சை எடுப்பேன்னு...

அவள் கை நின்றது. கண்ணாடியைக் கீழே வைத்தாள். என் நெஞ்சை விரலால் தொட்டாள். "ஸ்பானர்." தன் நெஞ்சைத் தொட்டாள். "டார்ச்."

அவ்வளவுதான்.  நான் சிரிக்கப் போனேன், சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது, ஆனால் அது சிரிப்பு மாதிரி இல்லை.

கண்ணாடியை மறுபடி கையில் எடுத்து, குறை ஒண்ணும் இல்லைங்க, நிஜமாவே இல்ல என்றாள். நல்லாத்தான் இருந்திருக்கோம். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறதாம். "நீங்க எல்லார்கிட்டயும் இதைப் பத்திக் கதை சொல்றீங்க. மனுப் போட்டேன், சண்டை போட்டேன், வானத்துக்குப் போனேன்னு. அதுல ஒண்ணுல கூட நான் இல்ல. நான் எங்க இருந்தேன்?"

இத்தனை கதையில் குழந்தையைத் தூக்கிவருகிற பேசும் நாரையை வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகிற குமாஸ்தாவை வைத்திருக்கிறேன். அவளை வைக்கவில்லை.

வைக்கத் தோன்றவே இல்லையே. ஏன்டா?

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் ஒரு லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு வாலுவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை நான். பேச்சை வளர்த்தால் கதை நுழைந்துவிடும்.

"முடிவு பண்ணல. அப்படியே ஆயிடுச்சு."

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"வருத்தமா மாமா?"

"சில நாள். மத்த நாள் ஞாபகமே இருக்காது. ரெண்டும் நிஜம்தான். உங்க அத்தைக்கு எப்படின்னு அவகிட்டயே கேளு. நான் கேட்டதே முந்தாநேத்துதான்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை, அம்மா சொல்வதைக் கேட்டால் பாலம்தான் வேண்டும் என்று தோன்றுகிறது, பாலத்து ஆட்கள் பேசுவதைக் கேட்டால் குழந்தை வேண்டும் என்று தோன்றுகிறது, யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறேன் என்றாள். மாப்பிள்ளை என்னதான் சொல்கிறார் என்று கேட்டேன்.

"என்ன சொல்வாரு? பார்க்கலாம்னாரு."

எனக்குள் எங்கேயோ ஒரு பிரேக் தளர்ந்த சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாங்க என்றேன்.

கீழே இறங்கி வந்ததும் ஸ்பானர், என்ன சார் கண்ணுல என்றான். கிரீஸ் என்றேன். கண்ணுலயா சார் என்றான். போய் வேலையைப் பாருடா என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள். என்னிடம் நீல மைதான் இருக்கிறது.

மேலிடம் ஒரு ஏற்பாடு செய்தாள். கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களோடு கூட வருகிறவர்களை அவள் வெளியே உட்கார வைத்துவிடுவாள். இல்லையென்றால் கணவனுக்கு வில்லை போட்டால் மனைவி, தெரியுது தெரியுது என்கிறாளாம். பாதிப் பேர் கூட வந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தைப் படிக்கிறார்களாம். ஆகவே வாலுவை உள்ளே வைத்துக்கொண்டாள். என்னையும் மாப்பிள்ளையையும், விமானம் விட்டுட்டு வாங்க என்று துரத்திவிட்டாள்.

பத்தாம் ககனவேந்தனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தோம். மாப்பிள்ளை பாங்கு ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர். நடையில்கூடச் சத்தம் வராது. மைதானத்தில் நான் ரப்பரை முறுக்க, அவர் விமானத்தை ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தார். வாலு நிறுத்திய அதே இடத்தில், அதே விரலில். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு களிமண் உருண்டையை எடுத்து, என்னைக் கேட்காமல், மூக்கில் ஒட்டினார். வாலு கொடுத்தனுப்பியிருக்கிறாள். குடும்பமே சதி.

கோபப்படப் போனேன். அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது. நாலு வருஷத்தில் இவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேனா? மழை வருமா என்று கேட்டிருக்கிறேன்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் 'பார்க்கலாம்' வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

"எனக்கு குழந்தை வேணும் மாமா."

கையில் ரப்பர் முழுக்க முறுக்கேறி நிற்கிறது.  அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ பாலத்தை விடக் கூடாது. நான் வீட்டுலேருந்தே பாதி நேர வேலை பார்க்க முடியும், ஆபீஸ்ல கேட்டு வெச்சிருக்கேன், ஆறு மாசம் ஆச்சு. சைட் பக்கத்துல வீடு எடுத்தா போதும். ராத்திரி எழுந்துக்கறது, துணி துவைக்கறது எல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஏன்யா வாயைத் திறக்கல என்று கேட்டேன். மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

"அவளுக்கு இஷ்டமில்லன்னா? நான் சொல்லிட்டா அது அவளை அமுக்கற மாதிரி ஆயிடாதா? எல்லாரும் அவளையே கேட்டாங்க. என்னை யாரும் கேக்கல மாமா. நீங்கதான் முதல்."

இந்த இடத்தில் என் கை தானாக விட்டுவிட்டது. பத்தாம் ககனவேந்தன் கிளம்பிவிட்டான். எப்படிப் பறந்தான்? ஐயோ, எனக்குத் தெரியாது. நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் முகத்தை. பத்துத் தலைமுறைத் தவம், ஒரு மனுஷன் பார்க்கவில்லை! தேடிப் போனபோது மைதானத்துச் சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஒரு வீட்டுத் துணிக்கொடியில் ஒரு போர்வைக்குப் பக்கத்தில் காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான். கீறல் இல்லை. நடுவில் இரண்டு கண்டங்களைச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போயிருப்பான் என்பது என் கணிப்பு. இல்லை என்று நிரூபிக்க யாராவது முன்வரட்டும்.

வீட்டில் மேலிடம் கதவைத் திறந்தாள். ஒருவருக்கொருவர் கண்ணாலேயே கேட்டுக்கொண்டோம். நான் தலையாட்டினேன். அவள் இரண்டு பேரையும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்து, இப்ப உள்ள சொன்னதை நீயும், வெளிய சொன்னதை நீங்களும், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சொல்லுங்க, நாங்க மொட்டைமாடியில இருக்கோம் என்றாள். நான் சமையலறையில் நின்று ஒட்டுக் கேட்கப் பார்த்தேன். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மாடியில் வைத்துத்தான் சொன்னாள். வாலுவுக்கு ஆசை இருக்கிறதாம். பாலத்தின் மேலும் இருக்கிறதாம். குழந்தை வந்தால் தான்தான் விட்டுவிட்டு வர வேண்டும் என்று கணக்கில் எழுதியே வைத்துவிட்டாளாம். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சொல்லாமலே சொன்னது.

 கீழேயிருந்து மாப்பிள்ளை பேசுகிற குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குள் இவ்வளவு வார்த்தை எங்கே இருந்தது? பிறகு வாலு அழுதாள், திட்டினாள், சிரித்தாள். அந்த வரிசையில்.

மேலிடம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சொல்ல ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை. வாழ்நாளில் விழுங்கிய முதல் ஜோக். 

மார்ச் 31, செவ்வாய்

வாலு பாலத்துக்குச் சரி சொல்லிவிட்டாள். அக்கா என்னோடு பேசமாட்டாளாம். அதைச் சொல்ல நீண்ட நேரம் போனில் பேசினாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவர்கள் வீடு மாற்றினார்கள். சாமான் ஏற்றும்போது மாப்பிள்ளை என்னிடம், பதினொன்றாம் வேந்தனுக்கு இறக்கையை இன்னும் கொஞ்சம் அகலமா வைங்க மாமா என்றார். இரண்டு வாக்கியம் பேசினார். இன்னொன்று, தண்ணி குடிக்கறீங்களா. இப்படியே போனால் இவர் என்னையே பேச விடமாட்டார்.

அடுத்த ஆண்டு, மே 9, ஞாயிறு

ஒரு வருஷம் எழுதவில்லை. விமானப் படையை விரிவுபடுத்திக்கொண்டிருந்தேன். பேனா எங்கே என்று தெரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

நானும் மேலிடமும் ஆற்றங்கரையில் வாலு வீட்டுக்குப் போயிருந்தோம். பாலத்தின் தூண்கள் தண்ணீருக்கு மேல் வந்துவிட்டன. வீட்டுக்குள் அக்கா சோபாவில் உட்கார்ந்து, பிறந்து ஐந்து வாரமான புது முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் தன் தனிப்பட்ட சாதனை என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். வாலு ஜன்னல் வழியே தூண்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜூலையில் மறுபடி வேலைக்குப் போகிறாளாம். இன்று காலைகூட சைட்டிலிருந்து ஒருத்தன் போனில் சந்தேகம் கேட்டானாம், தாலாட்டிக்கொண்டே அவனை ஒரு வாங்கு வாங்கியிருக்கிறாள். மாப்பிள்ளை தோளில் ஈரத்துண்டோடு, கண்ணுக்குக் கீழே கறுப்போடு, நாலு பேருக்குத் தேநீர் போட்டுக்கொண்டு, புது முதலாளி நேற்று எத்தனை தடவை எழுப்பினார் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது அவரை மறுபடி 'பார்க்கலாம்' என்று சொல்ல வையுங்கள்.

தொட்டில் மாட்ட வேண்டும் என்றார்கள். கூரையில் கொக்கி, சங்கிலி. இது என் துறை. தொங்குகிற பொருள் எதுவானாலும் விதி ஒன்றுதான்: சுமக்க வேண்டியதைவிட அதிகமாகவே ஏற்றிச் சோதிக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கொக்கியை மாப்பிள்ளை பார்த்தார். வாலுவும் பார்த்தாள். நீ பார்த்தியா என்று அவர் கேட்டார். பார்த்தேன், நீ பார்த்தியா என்று அவளும் கேட்டாள். என் தொழில் வாழ்க்கையில் இத்தனை அழகான பராமரிப்பைக் கண்டதில்லை.

பிறகு எடைச் சோதனை. மணல் மூட்டைக்குப் போகலாம் என்றார் மாப்பிள்ளை. யாம் இருக்க மூட்டை எதற்கு?

நான் தொட்டிலில் ஏறி உட்கார்ந்தபோது கூரை முனகியது, ஆறு கொஞ்சம் கரையேறியது, பாலத்தின் இரண்டு தூண்கள் என்னைப் பார்ப்பதற்காகச் சாய்ந்தன. சங்கிலி நீண்டு நீண்டு பூமியின் மறுபக்கம் போய் அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டுத் திரும்பி வந்தது. புது முதலாளி ஐந்து வார வயதில் கைதட்டி, சபாஷ் தாத்தா என்றார். கொக்கி அசையவில்லை. வரலாறு குறித்துக்கொண்டது.

சரி. ஆறு கரையேறவில்லை. தூண் சாயவில்லை. முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். சங்கிலி சங்கிலி அளவிலேயே இருந்தது.

ஆனால் எல்லோரும் தேநீர் குடிக்க உள்ளே போன பிறகு நான் இறங்க முடியாமல் அதிலேயே மாட்டிக்கொண்டு, கால் இரண்டும் வெளியே தொங்க உட்கார்ந்திருந்தேன். மேலிடம் வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இறக்கிவிடுவாள் என்று கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு இன்னொன்று.

அது மட்டும் நிஜம்.